‘கிளியே’ இறங்கும் இடம்

நான் பொறாமைக்காரி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டாம். நகைக்கும் புடவைக்கும் பொறாமைப்பட்டவள் இல்லை. என் தங்கை கழுத்தில் என்னைவிட இரண்டு சரம் கூடுதலாகக் கிடந்தபோதும் நான் நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கினேன். எனக்கு வயிறு எரிந்ததெல்லாம் ஒரு நாடகத்துக்காக, அதிலும் அதன் பாட்டுகளுக்காக.

பெயரைச் சொல்லாமலே உங்களுக்குத் தெரிந்துவிடும். தினைக்காட்டில் பரண் மேல் நின்று கிளி விரட்டும் குறப்பெண், அவளைத் தேடி வேடனாக வரும் சாமி, பிறகு தாடி வைத்துக் கிழவனாக வரும் அதே சாமி. எங்கள் பக்கத்தில் அதைத் தினைக்காட்டு நாடகம் என்றுதான் சொல்வார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் கோயமுத்தூருக்கு எந்தக் கம்பெனி வந்தாலும் அதைப் போடாமல் போனதில்லை. மற்ற நாடகத்துக்குக் கூட்டம் குறைந்தால் மறுநாளே பரணைத் தூக்கி நிறுத்திவிடுவார்கள். பேசும் படம் வந்த பிறகும் இதற்கு ஆள் குறையவில்லை.

நான் மேட்டுப்பாளையத்துப் பக்கம் பிறந்து துடியலூருக்கு வாழ்க்கைப்பட்டவள். துடியலூரிலிருந்து வண்டி கட்டினால் வெற்றிலை போட்டுத் துப்புவதற்குள் கோயமுத்தூர் போய்விடலாம் என்று எங்கள் வீட்டு ஆண்கள் பீற்றிக்கொள்வார்கள். இருந்தும் கல்யாணமாகி ஆறு வருசம் அந்த நாடகத்தை நான் கண்ணால் பார்த்ததில்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் கோயிலுக்குப் போவார்கள், கல்யாணத்துக்குப் போவார்கள், எழவுக்குப் போவார்கள். கொட்டகைக்குப் போனதில்லை. போகக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. போகலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். ஆண்களுக்கு மட்டும் தோன்றியது. என் வீட்டுக்காரர் சனிக்கிழமை பருத்தி ஏற்றிக்கொண்டு கோயமுத்தூர்ப் பேட்டைக்குப் போனால் ஞாயிற்றுக்கிழமை விடிந்துதான் திரும்புவார். கண் சிவந்திருக்கும், வாயில் பாட்டு இருக்கும், மடியில் பாட்டுப் புத்தகம் இருக்கும்.

அந்தப் புத்தகங்களை இப்போது யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். கொட்டகை வாசலில் விற்பார்கள். ரோஸ் காகித அட்டை, உள்ளே பத்திருபது பக்கம், கை வேர்த்தால் மை விரலில் ஒட்டிக்கொள்ளும். நான் நாலாவது வரை படித்தவள், எழுத்துக் கூட்டாமல் வாசிப்பேன். வார்த்தை எல்லாம் அதில் இருக்கும், மெட்டுத்தான் இருக்காது. மெட்டு எங்கே என்று தேடினால் பாட்டின் தலையில் ‘இன்ன பாட்டின் வர்ணமெட்டு’ என்று அச்சடித்திருக்கும். அந்த இன்ன பாட்டு எனக்குத் தெரிந்திருந்தால் அல்லவா? அது வேறொரு நாடகத்தில் வரும். அந்தப் புத்தகத்தையும் வாங்கிவரச் சொன்னேன். அதன் தலையில் இன்னொரு பாட்டின் பெயர் இருந்தது. இது ஆகிற கதை இல்லை என்று என் வீட்டுக்காரரிடமே கேட்டேன்.

“ஏனுங்க, இதை எப்படிங்க பாடுனாங்க?”

அவர் பல்லுக் குச்சியைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பாடிக் காட்டுவார். கண்ணை மூடிக்கொள்வார், கையை ஆட்டுவார். அவருக்குப் பாட்டில் அத்தனை ஆசை. ஆனால் பாட்டுக் கேட்கிற காது அவருக்குக் கிடையாது. ஒரு அடி கிழக்கே போகும், மறு அடி மேற்கே போகும், காலையில் பாடியதை மத்தியானம் வேறு மாதிரி பாடுவார். எனக்கு இதெல்லாம் அப்போது தெரியாது. பட்டணத்துச் சங்கீதம் இப்படித்தான் கோணல்மாணலாக இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன். கோணலைக் கொஞ்சம் நிமிர்த்தி, எங்கள் ஊர்க் கும்மியிலிருந்து ஒரு துண்டு, தாலாட்டிலிருந்து ஒரு துண்டு என்று ஒட்டுப் போட்டு, வாயில் நிற்கிற மாதிரி ஆக்கிக்கொண்டேன். ஒட்டுப் போடுகிறோம் என்பதுகூடத் தெரியாமல்தான் போட்டேன். கொட்டகையில் பாடுவதை அப்படியே பாடுகிறேன் என்றுதான் ஆறு வருசமும் நம்பிக்கொண்டிருந்தேன்.

அத்தனை பாட்டிலும் எனக்கு உயிராக இருந்தது ஒன்று. குறப்பெண் கிளியை விரட்டக் கவணில் கல்லை வைக்கிறாள். அதற்குள் தூரத்தில் வேடன் நிற்பது கண்ணில் பட்டுவிடுகிறது. கை எழவில்லை.

கல்லெடுத்துக் கவணில் வைத்தேன், கிளியே – எறிய
மனமில்லாமல் நிற்கிறேனே, கிளியே

முதல் ‘கிளியே’ சாதாரணமாகத்தான் போகும். இரண்டாவது ‘கிளியே’யில் என் வீட்டுக்காரர் குரல் பொத்தென்று கீழே இறங்கிவிடும், பாடிக்கொண்டிருந்தவர் பேச ஆரம்பித்துவிட்ட மாதிரி. முதல் தடவை கேட்டபோதே எனக்கு மேல் சிலிர்த்தது. எறிய மனசில்லாதவள் அப்படித்தானே சொல்லுவாள்? கிளிக்கு மட்டும் கேட்டால் போதும் என்றுதானே சொல்லுவாள்? இதைக் கட்டின வாத்தியார் பெண் மனசு தெரிந்தவர் என்று முகம் தெரியாத அந்த மனிதரை மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டேன். அந்த இறக்கத்தை நான் பாடிப் பாடிப் பதமாக்கினேன். பொத்தென்று விழாமல் ஒரு படி தயங்கி, இரண்டாவது படியில் இன்னும் கொஞ்சம் தயங்கி, மூன்றாவது படியில்தான் இறங்கும். அந்த மூன்றாவது படியில் குரல் காற்றோடு போய்விடும்.

மாசி, பங்குனியில் எங்கள் வாசல் முழுக்கப் பருத்தி குவிந்து கிடக்கும். சருகும் தூசியும் பொறுக்க ஏழெட்டுப் பெண்கள் வருவார்கள். “அம்மிணி, அந்தக் கிளிப் பாட்டை ஒருக்காப் பாடுங்க” என்று கேட்டுக்கொண்டேதான் உட்காருவார்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரிகளும் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு வருவார்கள். என் வீட்டுக்காரர் மத்தியானச் சோறு தின்றுவிட்டு வாசல் நிலவுப்படியில் சாய்ந்துகொண்டு கேட்பார். கேட்டு முடித்ததும் ஒரே சொல்தான் சொல்லுவார்.

“கொட்டாயில கேக்கறதை விட இது எச்சு புள்ள.”

மனிதர் வேறு எதற்கும் என்னை ஒசத்தி என்று புகழ்ந்தவர் இல்லை. குழம்பு நன்றாக இருந்தால் இன்னொரு கரண்டி கேட்பார், அதோடு சரி. அந்த ஒரு ‘எச்சு’க்காக நான் பாடினேன் என்று சொன்னால் இப்போது சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

ஏழாவது வருசம் என் கொழுந்தனாருக்குக் கல்யாணமானது. பெண் கோயமுத்தூர், அப்பாவுக்குப் பாத்திரக் கடை. சீர்வரிசை வண்டி வண்டியாக வந்து இறங்கியது. கட்டில், பீரோ, அண்டா, குண்டா, அதோடு ஒரு கிராமபோன் பெட்டி. பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. நல்ல நிறம், நல்ல சிரிப்பு, நல்ல குணம். குணம் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

வந்த மூன்றாம் நாள். நான் வாசலில் பருத்திக்கு நடுவில் உட்கார்ந்து கிளிப் பாட்டைப் பாடிக்கொண்டிருக்கிறேன். புதுப்பெண் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று தலையைச் சாய்த்துக் கேட்டாள். முடிந்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“ஏனுங்க்கா, இது எந்த நாடகத்துப் பாட்டுங்க?”

“இது தெரியாதா கண்ணு? தினைக்காட்டு நாடகந்தான்.”

“அது நான் நாலு தடவை பாத்திருக்கறனுங்க. அதுல இது இப்புடி வராதுங்களே.”

“பின்னே எப்புடி வரும்?”

“இருங்க, பெட்டியில வெச்சே காட்டறனுங்க.”

ஓடிப்போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். கெடுதல் நினைத்துச் செய்யவில்லை. தெரிந்ததைக் காட்டுகிற சந்தோசம், குழந்தைகளுக்கு இருக்குமே, அதுதான். சாவி கொடுத்தாள், ஊசியை வைத்தாள். பருத்தியை அப்படியே போட்டுவிட்டுப் பெண்கள் சுற்றி வந்து குனிந்தார்கள். ஆர்மோனியம் கொஞ்ச நேரம் ஓடியது, பிறகு ஒரு பெண் குரல். வார்த்தை என் வார்த்தை. மெட்டு எனக்கு முன்பின் தெரியாத மெட்டு. இரண்டாவது ‘கிளியே’ வருகிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். குரல் இறங்கவில்லை. ஏறியது. ஏறி, நின்று, அங்கேயே சுழன்று, இன்னும் ஏறியது.

“இதுவல்லங்களா பாட்டு!” என்றாள் சருகு பொறுக்குகிறவர்களில் ஒருத்தி. அவள்தான் தினமும் முதலில் கேட்கிறவள்.

என் முகத்தில் ஈயாடவில்லை. புதுப்பெண் அதைப் பார்த்துவிட்டாள். பதறிப்போய், “உங்களதும் நல்லாத்தானுங்க்கா இருக்குது” என்றாள். அவள் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் மாட்டுக்குச் சோளத்தட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டேன். “ஏனுங்க, கிளிப் பாட்டுல ரெண்டாவது கிளியே மேல போகுமா, கீழ போகுமா?”

“மேலதான் போகும். அவ எங்கியோ போயிருவா” என்றார், கையை வானத்துக்குக் காட்டி. “எனக்கு அத்தனை தூரம் எட்டாது புள்ள. அதனால நான் கீழயே உட்டுப்போடுவேன்.”

ஆறு வருசம் நான் கும்பிட்ட வாத்தியார் என் வீட்டுக்காரரின் எட்டாத தொண்டைதான். சிரிக்க வேண்டிய விசயம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாட்டுத் தொட்டியில் தண்ணீரை ஊற்றிவிட்டு உள்ளே போனேன்.

அதன் பிறகு அந்த வீட்டில் பாட்டு என்றால் பெட்டி என்று ஆகிவிட்டது, நான் அடுப்படியில் எனக்குள் பாடிக்கொள்வதோடு சரி. பருத்திக்கு வருகிறவர்கள் “சின்ன அம்மிணி, பொட்டியை வையுங்க” என்றார்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரிகள் இப்போது சாக்குக்கூடச் சொல்லாமல் வந்தார்கள். என் வீட்டுக்காரர் சோறு தின்றுவிட்டு நிலவுப்படிக்கு வருவதில்லை, உள்ளே பெட்டி இருக்கிற ஆசாரக் கூடத்துக்குப் போனார். ஒரே இசைத்தட்டைத் திருப்பித் திருப்பி வைக்கச் சொன்னார். ஒருநாள் நான் மோர் கொண்டுபோய் வைக்கும்போது பெட்டியைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே சொன்னார், “இது எச்சு.” என் சொல்லை எடுத்து ஒரு மரப்பெட்டிக்குக் கொடுத்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பெட்டியோடு போயிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அவள் நாடகத்தையே நடித்துக் காட்டுவாள். கிழவன் தேனும் தினைமாவும் தின்று விக்கல் எடுத்துத் தண்ணீர் கேட்கிற கட்டம், யானை வந்து மிரட்டுகிற கட்டம், வேடனும் குறப்பெண்ணும் ஆளுக்கொரு அடியாகப் பாட்டிலேயே சண்டை போடுகிற கட்டம். பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அந்தக் கட்டங்களுக்கான ஒவ்வொரு வார்த்தையும் எனக்குத்தான் தலைகீழ்ப் பாடம். அவளுக்குப் பாதி வார்த்தை தெரியாது, நடுவில் “அப்பறம் என்னங்க்கா வரும்?” என்று என்னிடம்தான் கேட்பாள். நான் எடுத்துக் கொடுக்க வேண்டும். ஆனால் வேடனுக்குத் தலையில் என்ன நிறத்தில் உருமாலை, பரண் எந்தப் பக்கம் இருக்கும், யானைக்குள் எத்தனை ஆள் என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். பார்த்தவள் அவள். நான் படித்தவள்.

ஊசி டப்பாவை ஒளித்துவைத்தது நான்தான். புளிப் பானைக்குள் அமுக்கி வைத்தேன். இருபத்தாறு வயதுப் பொம்பிளை, இரண்டு பிள்ளைக்குத் தாய், இந்த வேலையைச் செய்தேன். அவள் வீடெல்லாம் தேடிவிட்டு, “எலி இழுத்துட்டுப் போயிருக்குமுங்க” என்று சிரித்தாள். ஒரு வாரத்தில் அவள் அப்பா இரண்டு டப்பா அனுப்பிவிட்டார். புளிக்குள் இருந்தது துருப்பிடித்துப் போனது. அந்த வருசம் புளிக்குழம்பு வைக்கும்போதெல்லாம் எனக்குப் பயம்தான்.

அடுத்த ஐப்பசியில் ஒரு பெரிய கம்பெனி கோயமுத்தூரில் வந்து இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தினைக்காட்டு நாடகம், பெண்களுக்குத் தனி இடம் என்று தண்டோரா போட்டுக்கொண்டு துடியலூர் வரைக்கும் வண்டி வந்தது. சின்னவள் எங்கள் மாமியாரைப் பிடித்துக்கொண்டாள். “சாமி கதைங்க அத்தை. கடைசியில மயில் மேல வருவாருங்க. நாம கும்புட்டுப்போட்டு வந்தரலாமுங்க.” நான் ஏழு வருசமாக வாய் திறந்து கேட்காததை அவள் இரண்டு பேச்சில் வாங்கிவிட்டாள். கேட்டால் கிடைத்திருக்கும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. அதற்கும் சேர்த்து அவள் மேல் கோபம் வந்தது. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வண்டியில் ஏறினேன். என்ன ஆனாலும் சரி, அந்த நாடகம் எனக்குப் பிடிக்கப் போவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

பிடித்துத் தொலைத்தது. திரை தூக்குவதற்கு முன்னாலேயே உள்ளேயிருந்து குரல் வருகிறது. ஆளைக் காணோம், குரல் மட்டும். ஆர்மோனியக்காரர் மேடை ஓரத்தில் உட்கார்ந்து அந்தக் குரலைத் துரத்திக்கொண்டே போகிறார். கொட்டகை முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பிறகு அவள் வந்தாள். நாற்பது வயதுக்குக் குறையாது. கனத்த உடம்பு, கழுத்துக்குக் கீழே மாவு அப்பியது மின்சார வெளிச்சத்தில் நன்றாகவே தெரிந்தது. இவளா தினைக்காட்டுப் பெண் என்று எனக்குள் ஒரு சந்தோசம்கூட எழுந்தது. வாயைத் திறந்தாள், பதினாறு வயசுக்காரி ஆகிவிட்டாள். நான் என்ன செய்ய?

வேடனும் அவளும் பாட்டில் மோதிக்கொண்டார்கள். அவன் ஒன்று கேட்பான், இவள் சட்டென்று ஒன்று சொல்லுவாள், கொட்டகை இடிந்து விழுகிற மாதிரி கைதட்டுவார்கள். புத்தகத்தில் இல்லாத பதிலெல்லாம் வந்தது. “போன தடவை வேற பதில் சொன்னாங்க, இது புதுசுங்க்கா” என்று சின்னவள் என் காதில் சொன்னாள். அதாவது அச்சடித்த வார்த்தையை ஏழு வருசம் நெட்டுருப் போட்டவளுக்குத் தெரியாத நாடகம் ஒன்று அங்கே தினம் தினம் புதிதாக நடந்துகொண்டிருந்திருக்கிறது. எத்தனை சனிக்கிழமை என் வீட்டுக்காரர் இதைக் கேட்டிருப்பார் என்று எண்ணினேன். ஆண்கள் பக்கம் அவர் உருமாலை தெரிந்தது. அவர் மேலும் எனக்குப் பொறாமையாக இருந்தது.

கிளிப் பாட்டுக்கு அவள் பரண் மேல் ஏறினாள். கவணைத் தலைக்கு மேலே தூக்கினாள். இரண்டாவது ‘கிளியே’. பெட்டியில் கேட்டது ஒன்றுமே இல்லை. மேலே போன குரல் எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரியவில்லை. நின்றதும் ஆண்கள் பக்கமிருந்து “ஒன்ஸ்மோர்” என்று கூவினார்கள். மூன்று தடவை பாட வைத்தார்கள், மூன்று தடவையும் வேறு வேறு வழியில் ஏறினாள். நான் அழுதேன். என் பாட்டு இதற்குப் பக்கத்தில் நிற்காது. இதை இத்தனை வருசம் கழித்தும் ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்கு அந்தப் பொம்பிளையைப் பார்த்து எனக்குத் தோன்றியது ஒன்றுதான். ‘அது அப்புடி இல்லீங்களே’ என்று இவளிடம் போய் எவளும் சொல்லப் போவதில்லை.

எங்கள் மாமியார் பாதி நாடகம் தூங்கிவிட்டு, மயில் வந்ததும் எழுந்து கும்பிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை அடுப்படியில் நானும் சின்னவளும் மட்டும். அவளுக்கு அப்போது நாலு மாதம். அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று காயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

“அக்கா, உங்க கிளிப் பாட்டை எனக்குச் சொல்லிக் குடுக்கறீங்களா?”

“என்னுதா? அதான் நேத்துக் கேட்டியே, அதை உட்டுப்போட்டு இது எதுக்கு?”

“நேத்து அவங்க மேல போறப்ப எல்லாரும் கைதட்டுனாங்க. எனக்கு என்னமோ நீங்க கீழ எறங்கறதுதானுங்க காதுல கேட்டுது. எறிய மனசில்லாதவ எதுக்குங்க்கா அத்தனை சத்தம் போடோணும்? கிளிக்குக் கேட்டாப் பத்தாதுங்களா?”

கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது. நான் யாரிடமும் சொல்லாமல் ஏழு வருசம் மனசுக்குள் வைத்திருந்ததை அவள் அவரைக்காய் உரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள். என் வீட்டுக்காரருக்குக் காது கிடையாது. சருகு பொறுக்குகிறவர்களுக்கு எது வைத்தாலும் பாட்டுத்தான். என் பாட்டு எதனால் நன்றாக இருந்தது என்று தெரிந்த ஒரே மனுசி அவள்தான். நான் அவளைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். நியாயமாக அழுதிருக்க வேண்டும்.

எனக்கு வந்தது வேறு. நாடகம் அவளுடையது, பெட்டி அவளுடையது, கேட்க வருகிறவர்கள் அவளுடையவர்கள், என் வீட்டுக்காரரின் மத்தியானமும் அவளிடம் போய்விட்டது. என்னிடம் மிச்சம் இருப்பது இந்த மூன்று படிதான். இதையும் அவள் வாயில் போட்டால், நல்ல குரல் வேறு, நாலே நாளில் என்னைவிட நன்றாகப் பாடிவிடுவாள். அப்புறம் நான் எதற்கு?

“அதுவா கண்ணு” என்றேன், குழம்பைக் கிளறிக்கொண்டே. “நேத்து அதைக் கேட்டதுலிருந்து என்னுது மறந்தே போச்சு. வாயைத் தொறந்தா அவ பாடுனதுதான் வருது.”

அவள் முகம் விழுந்துவிட்டது. “ஒண்ணுமே ஞாபகம் வரலீங்களா?”

“ஒண்ணும் வரல.”

“நான்தானுங்க்கா கெடுத்துப்போட்டேன். பொட்டியை வெச்சுக் கெடுத்தேன், நாடகத்துக்குக் கூட்டிட்டுப் போயிக் கெடுத்தேன்” என்றாள். கண் கலங்கியிருந்தது.

அவளை அழவிட்டதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது. ஒரு நாள் முழுக்க இருந்தது.

அதற்குப் பிறகுதான் நான் செய்துகொண்டது எனக்குப் புரிந்தது. மறந்துபோன பாட்டை எப்படிப் பாடுவது? அந்த வீட்டில் எங்கே நின்று வாயைத் திறந்தாலும் அவள் காதில் விழும். சோளம் வந்தது, வாசல் நிறைந்தது, நான் வாயை மூடிக்கொண்டு புடைத்தேன். குளிக்கிற இடத்தில் தண்ணீர் ஊற்றுகிற சத்தத்துக்கு நடுவில் முணுமுணுத்துப் பார்த்தேன், மூன்றாவது படி வருவதற்குள் “யாரு பாடறது?” என்று மாமியார் குரல் கேட்டது. பொங்கல் நோம்பியன்று என் வீட்டுக்காரருக்கு என்ன தோன்றியதோ, நிலவுப்படியில் வந்து சாய்ந்தார்.

“பாடு புள்ள. உன்ற கிளிப் பாட்டைக் கேட்டு நாளாச்சு.”

ஒரு வருசமாக நான் காத்திருந்த சொல். ஏழெட்டு மாதம் ஆன வயிற்றோடு சின்னவள் தூண் பக்கம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். புருசனின் அண்ணனான மூத்தாரிடம் நேரே பேசுகிற வழக்கம் இல்லை, பக்கத்தில் இருந்த மாமியாரைப் பார்த்துச் சொன்னாள். “அக்காளுக்கு அது மறந்துபோச்சுங்க அத்தை. பாடச் சொன்னா மனசு கஷ்டப்படும்.”

“மறந்துபோச்சா?” என்றார் அவர்.

“மறந்துபோச்சுங்க” என்றேன்.

“சரி வுடு” என்று எழுந்து போய்விட்டார். அதன் பிறகு ஒரு நாளும் கேட்கவில்லை.

சின்னவள் மட்டும் விடவில்லை. அந்தத் தட்டை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். அது காதில் விழுந்துகொண்டே இருந்தால் எனக்கு என் மெட்டு திரும்பி வராதாம். பக்கத்தில் உட்கார்ந்து, தனக்கு ஞாபகம் இருக்கிற துண்டையெல்லாம் பாடிக் காட்டுவாள். “இப்புடியாங்க்கா? இல்லாட்டி இப்புடியா?” நான் கூரையைப் பார்த்து யோசிக்கிற மாதிரி நடித்து, “தெரியலையே கண்ணு” என்பேன். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகிற அன்றுகூட வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, “ஊட்ல சும்மாத்தானே இருப்பனுங்க, யோசிச்சுக்கிட்டே இருக்கறனுங்க்கா” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஐந்து மாதக் குழந்தையோடு திரும்பி வந்தாள். பெண் குழந்தை. அன்று மத்தியானம் ஆசாரத்தில் தொட்டில் கட்டியிருந்தது. மாமியார் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார், என் வீட்டுக்காரர் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார், நான் தானியம் புடைத்துக்கொண்டிருந்தேன். சின்னவள் தொட்டிலை ஆட்டிக்கொண்டே ஆரம்பித்தாள். கல்லெடுத்துக் கவணில் வைத்தேன். என் முறம் நின்றுவிட்டது. என் மெட்டு. கும்மித் துண்டும் தாலாட்டுத் துண்டும் ஒட்டின இடம்கூட அப்படியே இருந்தது. ஆறேழு மாதம் தாய்வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்திருக்கிறாள். இரண்டாவது ‘கிளியே’ வந்தது. முதல் படியில் தயங்கினாள். இரண்டாவது படியில் இன்னும் கொஞ்சம் தயங்கினாள். அங்கேயே நின்று, பிறகு மேலே ஏறி முடித்துவிட்டாள். மூன்றாவது படி இல்லை.

“இதுதான பெரியவ பாடறது?” என்றார் மாமியார்.

“அதேதான். அச்சு அசல்” என்றார் என் வீட்டுக்காரர், படுத்தவாக்கில்.

சின்னவள் தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். அவளுக்கு மட்டும்தான் சந்தேகம் இருந்தது. காது உள்ளவள் அல்லவா?

“இப்புடித்தானுங்களே, அக்கா?”

இன்னும் ஒரு படி கீழே, கண்ணு. இதைச் சொன்னால் போதும். அவள் ஒரே தடவையில் பிடித்துக்கொள்வாள், என் பாட்டு முழுசாகப் பிழைத்துக்கொள்ளும். ஆனால் மறந்துபோனவளுக்கு அந்தப் படி எப்படித் தெரியும்?

“ஆமா கண்ணு” என்றேன். “இதேதான்.”

அவள் முகம் அப்படி மலர்ந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“அப்பாடி. உங்க பாட்டை உங்களுக்கே திருப்பிக் குடுத்துப்போட்டேனுங்க்கா” என்றாள்.